உங்களுக்குத் தெரியுமா? – இடம் மாறினால் பணிவும் மாறும்!

● அதிகாரிக்குக் கீழ்ப்படிவது ஆளின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனை தொடங்கினார். சோதனை நடத்துபவர் உத்தரவு போடுவார்; கலந்துகொள்பவர், தப்பாகப் பதில் சொல்பவருக்கு ஷாக் கொடுக்க வேண்டும். ஷாக் வெறும் நாடகம். சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்!

● அதே சோதனை பிரிட்ஜ்போர்ட் நகரில், யேல் பெயரே சொல்லாமல், ஒரு சாதாரண ஆபீஸில் நடந்தது. கடைசி வரை போனவர்கள் 65 சதவீதத்திலிருந்து சுமார் 48 ஆக இறங்கினார்கள்.

● கட்டடத்தின் கம்பீரம் என்ன செய்யும்? அரியலூர் மாவட்டம் கங்கைகொண்டசோழபுரத்தில், ராஜேந்திர சோழன் எழுப்பிய சுமார் 180 அடி கோயில் விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், புரியும். அதே கோயிலின் வடபுறம், சண்டேசர் தலையில் சிவபெருமான் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. சிவபூஜையைக் கெடுத்த அப்பாவின் காலையே வெட்டியவர் இந்தச் சண்டேசர். அப்பா சொல்லுக்கும் மேலே ஒன்று உண்டு என்று நினைத்த பிள்ளை!

● மில்கிராம் சோதனையில் உத்தரவு போட்டவர் அறையை விட்டு வெளியேறி போனில் பேசியபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். சிலர் குறைந்த ஷாக் கொடுத்துவிட்டு, 'கூட்டிவிட்டேன்' என்று புளுகினார்கள்.

● அதிகாரி பக்கமா, தூரமா என்பது ஊர் நிர்வாகத்திலும் உண்டு. பெரம்பலூர்க்காரர்களுக்கு 1995 வரை கலெக்டர் ஆபீஸ் திருச்சியில். அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பர் 23-இல் மறுபடி தனியானது. கலெக்டர் பக்கத்தில் இருந்தால் உத்தரவு சீக்கிரம் வரும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நம் மனுவும் சீக்கிரம் போகும்.

● 'பொறுப்பு என்னுடையது' என்று மேலே இருப்பவர் சொன்னால், கீழே இருப்பவரின் தயக்கம் குறையலாம். பொறுப்பை உண்மையிலேயே ஏற்றவரும் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

● கூட இருந்த இருவர் 'முடியாது' என்றதும், மில்கிராம் சோதனையில் கடைசி வரை போனவர்கள் பத்தில் ஒருவராகக் குறைந்தார்கள். 1930 ஏப்ரல் 23, பெஷாவர்: ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுட மறுத்தார் பிரிட்டிஷ் இந்திய ராணுவ வீரர் சந்திர சிங் கர்வாலி. அவருடைய சிப்பாய்களும் மறுத்தார்கள். ஆகவே, உத்தரவு தப்பு என்று பட்டால் மனசுக்குள் புழுங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.