குடும்பத் தலைவர் வகுத்த நீதி

சமுதாயத்தின் அடிப்படை விதிகளை வகுக்கக் கூடுகிறவர்கள், தாம் செல்வரா ஏழையா என்பதையே அறியாதபடி ஓர் 'அறியாமைத் திரை'க்குப் பின்னால் நின்று முடிவெடுத்தால் அது எவருக்கும் பொருந்தும் நீதியாகும் என்று தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வாதிட்டார். அத்திரை மறைப்பவற்றின் பட்டியலில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை என்பதையும், கூடியோர் குடும்பத் தலைவர்களாகக் கருதப்பட்டதால் குடும்பத்துக்குள் நடப்பது விசாரணைக்கே வரவில்லை என்பதையும் பெண்ணிய அறிஞர் சூசன் மோலர் ஓக்கின் 1989இல் சுட்டிக்காட்டினார். ஆள் பாராமல் எல்லோருக்கும் ஒரே நெறி வகுக்கும் பொதுமைவாதத்தின் மீது பெண்ணியர் வைத்த குறைகளுள் கூர்மையானது இதுவே.

மலேசியாவின் குளுவாங் போன்ற, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் இதற்குச் சான்று தேட நூலகம் போக வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்பில் நின்று, பாலுக்காக நிரை நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்த பெண்ணின் உழைப்பு செக்ரோல் எனப்படும் வருகை, சம்பள ஏட்டில் பதிவானது. அதற்கும் முன்னே எழுந்து அவர் சமைத்ததும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டதும், திரும்பி வந்து துவைத்ததும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறிய உழைப்புக்கும் சம மதிப்பு இல்லை: மலாயாவில் இந்தியத் தொழிலாளரின் தரக்கூலி 1930களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த காலமும் உண்டு.

தத்துவ அறிஞர் செய்லா பென்ஹபீப் பொதுமைவாதத்தின் இந்தக் குறையையே வேறு வகையில் விளக்கினார்: அது காண்பது, உரிமைகளைத் தாங்கி நிற்கும் 'பொதுமைப்படுத்தப்பட்ட மற்றவரை', அது காணத் தவறுவது, பிள்ளையும் பசியும் வரலாறும் உடைய 'குறிப்பான மற்றவரை'. எனினும் பொதுமையையே தூக்கி எறிவது அவசர முடிவு. மலாயாவில் ராசம்மா பூபாலன் 1960இல் தொடங்கிய மகளிர் ஆசிரியர் சங்கம் சம ஊதியம் கேட்டபோது, பெண்ணுக்கெனத் தனி நெறி எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட நெறியைத்தான் முழுமையாகக் கேட்டது.

சட்டமும் அரைகுறையாகவே நகர்ந்திருக்கிறது. மலேசிய அரசமைப்பின் 8ஆம் பிரிவில், பாகுபாட்டுக்கு ஆகாத காரணங்களுள் பாலினமும் 2001இல் சேர்க்கப்பட்டது. ஆனால் 2025இல் 1,700 ரிங்கிட்டான குறைந்தபட்சச் சம்பளமும், தொழிலாளர் சட்டத்தின் 98 நாள் மகப்பேறு விடுப்பும், பிறர் வீட்டில் சம்பளத்துக்குச் சமைத்துத் துவைக்கும் பணிப்பெண்ணைச் சேரவில்லை. அதே பெண் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால் இரண்டும் அவருக்கு உண்டு.