உழக்கு எண்ணெய்

கிறிஸ்தவ இல்லத்தில் வளரும் குழந்தையிடம் 'குகை' என்று சொல்லிப் பாருங்கள். புலியும் கரடியும் அதன் நினைவுக்கு வருமுன்னே பெத்லகேம் வந்து நிற்கும். டிசம்பர் பிறந்துவிட்டால் நம் பங்குகளிலெல்லாம் மூங்கில் குச்சியும் வைக்கோலும் பழுப்புத் தாளும் குவியத் தொடங்குகின்றன. இளைஞர்கள் சாக்குத் துணியைப் பசையில் நனைத்து, மடித்து, வண்ணம் தெளித்து ஒரே வாரத்தில் பாறை மலையை எழுப்பிவிடுகிறார்கள். மலைக்குள் ஒரு குகை, குகைக்குள் திருக்குடும்பம், சுற்றிலும் மினுக்கும் வண்ண விளக்குகள், ஒலிபெருக்கியில் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள். ஒளியும் இசையும் கூடிய குகைக்காட்சி நமக்குப் புதிதன்று. ஆண்டுக்கு ஒரு முறை நம் கைகளாலேயே அதனைக் கட்டுகிறோம்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுவாரம் நம் பங்கு இளைஞர்கள் சிலர் ஒரு கைப்பேசியோடு அறைக்கு வந்தார்கள். அதிலே அவர்கள் காட்டியது ஸ்பெயின் நாட்டின் மயோர்க்காத் தீவிலுள்ள திராக் குகைகளை. அங்கே மண்ணுக்கடியில் நூறு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓர் ஏரி இருக்கிறது. 1896இல் அக்குகைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மார்த்தேலின் பெயரே அந்த ஏரிக்கும் வழங்குகிறது. பார்வையாளர்கள் இருளில் அமர்ந்திருக்க, ஓரங்களில் விளக்குச் சரம் கட்டிய படகுகள் மெல்ல மிதந்து வருகின்றன. படகிலிருப்போர் வயலின் முதலிய கருவிகளை வாசிக்கிறார்கள். 1935 முதல் நடந்துவரும் ஏற்பாடு அது. பார்க்கையில் நமக்கும் உள்ளம் குளிர்ந்தது உண்மை.

"அடுத்த வருசம் நம்ம குடிலையும் இப்படிப் பண்ணணும் சுவாமி! பாடல் ஏறி இறங்குறதுக்கு ஏத்தாப்போல வெளிச்சம் மாறணும். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டா முடிஞ்சுடும்" என்றார்கள். கணக்கும் எழுதியே வந்திருந்தார்கள். நாம் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "கடல் கடந்த குகையைப் பார்த்துவிட்டீர்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் குகைகளைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மாமல்லபுரம் போய் வருவோம்" என்றோம்.

கல்லைக் குடைந்தவர்கள்

திருக்காட்சிப் பெருவிழாவை அடுத்த சனிக்கிழமை இரண்டு வேன்களில் குடும்பங்களாகப் புறப்பட்டோம். செங்கற்பட்டைத் தாண்டியதும் ஒரு தாய் தயக்கத்தோடு கேட்டார்: "சுவாமி, பிற சமயத்தவர் கோயில்களைப் பார்க்கப் போகிறோமே, இது நமக்குத் தகுமா?" நேர்மையான கேள்வி. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட அறிக்கையை அவருக்கு நினைவூட்டினோம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பது அதன் போதனை. நம் விசுவாசத்தில் உறுதியாய் நின்றுகொண்டே அயலாரின் பக்தியை மதிக்கலாம், மதிக்கவும் வேண்டும்.

வழியில் திருக்கழுக்குன்றத்து மலையில் ஒருகல் மண்டபத்தைக் கண்டோம். ஒரே பாறையைக் குடைந்தெடுத்த பல்லவர் காலக் குகை அது. அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலே இங்கு வந்து, தங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சென்றிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "குடைந்தவன் பெயரைக் காணோம், வேடிக்கை பார்க்க வந்தவன் பெயர் இருக்கிறது" என்றார் உடன் வந்த ஆசிரியர் ஒருவர்.

திராக் குகைகளும் ஆந்திரத்துப் போரா குகைகளும் சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்து உண்டாக்கியவை. மனிதன் அங்கே விளக்கை மட்டும் கொண்டு சென்றான். நம் கடற்கரைக் குகைகளோ கருங்கல்லில் உளி குடைந்தவை. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நின்றுபோன குகைகளைப் பார்த்தால் வேலை நடந்த விதம் புலப்படும். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டிச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தட்டி உடைத்து எடுப்பார்கள். மீண்டும் காடி, மீண்டும் கட்டம். அப்படி விரற்கடை விரற்கடையாக உட்சென்று, எந்தத் தூணை விட்டுவைக்க வேண்டுமோ அதை விட்டுவைத்தார்கள். தவறி உடைந்த கல்லை ஒட்டவைக்க முடியாது. சாக்குத் துணியில் ஒரு வாரத்தில் மலை செய்யும் நம் இளைஞர்கள் அந்தக் கட்டங்களின்மேல் கை வைத்து வெகுநேரம் நின்றார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், சாளுவன்குப்பத்தில், கடலை நோக்கியிருக்கிறது புலிக்குகை. பெயர்தான் புலி, வாயிலைச் சுற்றிலும் செதுக்கியிருப்பவை பதினொரு யாளித் தலைகள். நடுவே படியேறிச் செல்லும் சிறு மேடை. எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்ம பல்லவன் காலத்தில் அமைந்ததென்றும், விழாக் காலத்தில் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்யவோ கலை நிகழ்ச்சிகளை நடத்தவோ பயன்பட்டிருக்கலாம் என்றும் அறிஞர் கூறுவர். மின்சாரம் இல்லாத அந்நாளில் பந்தமும் நிலவுமே விளக்கு. எதிரே கடலே பக்கவாத்தியம். நம் பிள்ளைகள் புல்தரையில் அமர்ந்து, கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அலையோசையைக் கேட்டார்கள். ஒரே குடும்பத்தார் ஒரே இடத்தில் ஒன்றையே கேட்டுக்கொண்டு மௌனமாய் அமர்ந்திருப்பது இக்காலத்தில் அரிய காட்சி.

ஆட்டம் முடிந்த பின்

பிற்பகலில் ஊருக்குள் குன்றின்மேல் ஏறினோம். மகிடாசுரமர்த்தினி குகையில் ஒரு புறம் சிங்கத்தின்மேல் அமர்ந்து போரிடும் துர்க்கையையும், மறுபுறம் பாம்பணையில் துயிலும் திருமாலையும் எதிரெதிரே செதுக்கியிருக்கிறார்கள். ஒரு சுவரில் ஓயாத போர். மறு சுவரில் கலையாத அமைதி.

மாலையில் நாட்டிய விழாவுக்குச் சென்றோம். தமிழகச் சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் டிசம்பர், சனவரி மாதங்களில் நடத்தும் விழா இது. முற்காலத்தில் அருச்சுனன் தபசுப் பாறையின் எதிரே நடந்தது. அண்மைக்காலத்தில் கடற்கரைக் கோயிலின் அருகே நடக்கிறது. 2019 அக்டோபர் 11ஆம் நாள் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கலாசேத்திராக் கலைஞர்களின் ஆடலைக் கண்டு மகிழ்ந்ததும் இதே கோயிலின் முன்னிலையில்தான். ஒளி பட்ட கல், பகலில் காட்டாத மெருகையெல்லாம் இரவில் காட்டியது. பரதம், மேளம், சலங்கை, கடற்காற்று யாவும் ஒன்றாகிக் கண்ணுக்கும் காதுக்கும் விருந்தாயின. கலையும் இறைவன் தந்த கொடையே. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

விழா முடிந்தது. மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூட்டம் எழுந்து செருப்பைத் தேடிற்று. இருண்ட வானத்தில் ஓர் ஒளிக்கற்றை மட்டும் சுழன்று சுழன்று கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நம்மோடு வந்திருந்த முதியவர் ஒருவர், இக்கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர். அவருடைய பேரன் கேட்டான்:

"தாத்தா, ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே, அந்த லைட்டை மட்டும் ஏன் நிறுத்தல?"

"அது ஆட்டத்து வெளிச்சம் இல்லப்பா. கடல்ல கிடக்கிறவனுக்கு வெச்சது. ஒருக்கா வாடைக்காத்துல எஞ்சின் நின்னுபோயி ராப்பூரா தண்ணியில கிடந்தோம். கரை எந்தப் பக்கம்னே தெரியல. அந்த வெளிச்சம் ஒண்ணுதான் காட்டிக் குடுத்துச்சு. அதை ஏத்தினவன் யாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

இளைஞர்களும் அதைக் கேட்டார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

குகையின்மேல் விளக்கு

அந்த ஒளி வரும் இடத்தைப் பிற்பகலில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறையின் உச்சியில், ஒலக்கண்ணேசுவரர் கோயில் என்னும் பழைய கற்கோயில் இருக்கிறது. 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்பதே இவ்வாறு மருவியதாகவும், நாள்தோறும் உழக்கு எண்ணெய் பெற்று அங்கே விளக்கு எரித்ததாகவும் ஊரார் சொல்வதுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், 1887ஆம் ஆண்டு, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை முதன்முதலில் இந்தக் கோயிலின் உச்சியில்தான் ஏற்றினார்கள். பக்கத்தில் கல்லால் கட்டிய இன்றைய கலங்கரை விளக்கம் 1904 முதல் அப்பணியைச் செய்து வருகிறது.

உழக்கு என்பது எவ்வளவு? இரண்டு ஆழாக்கு. நம் பாட்டிமார் அடுக்களையில் வைத்திருந்த சிறு அளவை. அவ்வளவு எண்ணெய் ஓர் இரவைக் காக்கப் போதுமானதாய் இருந்தது.

மேடை விளக்கு, முன்னே அமர்ந்து பார்ப்பவனுக்காக எரிகிறது. கலங்கரை விளக்கம், அங்கே வர இயலாமல் இருளில் தவிப்பவனுக்காக எரிகிறது. நம் குடில் விளக்கு இவற்றுள் எது?

இக்கேள்வி நம்மைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. இவ்வாண்டு தவக்காலத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது, நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு கைம்பெண் சொன்னார்: "போன கிறிஸ்மசுக்கு நடுச்சாமப் பூசைக்கு வந்தேன் சாமி. குடிலுக்குப் பணம் குடுக்கலையே, கிட்டப் போனா யாராச்சும் கேட்டிருவாங்களோன்னு வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டேன்." அவ்வாண்டு வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூலித்தோம். கோயில் அறிவிப்பில் அதை வாசித்தது நாமேதான். இடையர்களை முதலில் அழைத்த பாலன் குகைக்கு அருகே வர, ஓர் ஏழைத் தாய் அஞ்சும்படி செய்துவிட்டோம். இருநூறுக்கே இப்படியென்றால் ஐந்நூறுக்கு எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள்?

வெளிச்சம் மிகுந்தால் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. பிரான்சில் 1940இல் கண்டெடுத்த இலாஸ்கோ குகையில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள் உள்ளன. மக்கள் திரள் திரளாக வந்து பார்த்ததில், அவர்களுடைய மூச்சும் விளக்குகளும் சுவரில் பாசி படரச் செய்தன; 1963இல் குகையை மூடவேண்டியதாயிற்று. அதுவரை அந்த ஓவியங்களைக் காத்தது இருளே.

ஒரு வேண்டுகோள்

இம்மாதம் பங்குப் பேரவை கூடும்போது நாம் முன்வைக்கப் போவது இதுதான். இவ்வாண்டு குடிலுக்கு வரி கிடையாது. விரும்பும் குடும்பம் தன் வீட்டு அகல் ஒன்றும் ஓர் உழக்கு நல்லெண்ணெயும் கொண்டுவரட்டும். இயலாதவர் வெறுங்கையோடு வரட்டும். அவர்களுக்கும் அகல் இருக்கும். யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்னும் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. அகலுக்குப் போக எஞ்சும் எண்ணெய், தாளிக்க எண்ணெய் இல்லாத அடுக்களைகளுக்குப் போகும்.

இளைஞர்கள் இன்னும் முழு மனதோடு இசையவில்லை. "ஒலி ஒளி இல்லாம யார் சுவாமி பார்க்க வருவாங்க?" என்கிறார்கள். அவர்கள் உழைப்பை நாம் அறிவோம். அவர்கள் ஆசையும் இறைவனுக்காகவே. ஆகவே வண்ண விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை; பழைய சரங்கள் நல்ல நிலையில்தான் உள்ளன. சுலோவேனிய நாட்டில் போஸ்தொய்னா என்னும் பெரிய குகை உண்டு. 1884 முதலே மின்விளக்கு கண்ட அந்தக் குகையில், கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மனிதர்களே மரியாவாகவும் சூசையாகவும் இடையராகவும் வேடம் தாங்கி நின்று பிறப்பின் மறைபொருளைக் காட்டுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது முடியும். அதற்குப் பணம் வேண்டாம், நேரம் வேண்டும்.

நள்ளிரவில் 'உன்னதங்களிலே' பாடத் தொடங்குமுன் சற்று நேரம் எல்லா விளக்குகளையும் அணைப்போம். குடும்பம் குடும்பமாக வந்து அகலை ஏற்றிக் குகையைச் சுற்றி வைப்போம். இயேசு பிறந்த இடமென்று திருப்பயணிகள் வணங்கும் பெத்லகேம் குகையிலும் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரத்தின்மேல் எண்ணெய் விளக்குகளே தொங்குகின்றன. ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியர் உவமையிலும் குறைந்துபோனது எண்ணெய்தான்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் தெருவில் விளக்கேற்ற இயலாத வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியத் தாமதமாயிற்று. கிறிஸ்து பிறப்பு இரவில் கோயிலுக்குப் புறப்படும்போது அந்த வீட்டின் கதவைத் தட்டி, அவர்களையும் அழைத்து வாருங்கள். அந்தத் தாயை அழைத்துவர நாமே போகிறோம்.