வலிக்கும் பூட்டு, சாவி உண்டு!

அக்கி வந்து கொப்புளமெல்லாம் ஆறி நாலு மாசம் ஆன பிறகும், "முதுகு எரியுதும்மா, சேலை பட்டாக்கூடத் தாங்கலை" என்று தவிக்கும் பெரியவர்கள் உண்டு. என் மாமியாருக்கு அப்படித்தான் இருந்தது. "புண்தான் ஆறிடுச்சே, எல்லாம் மனசுதான் காரணம்" என்று பார்க்க வந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சகோதரிகளே, அது மனப்பிரமை அல்ல. நரம்பிலும் தண்டுவடத்திலும் உண்மையாகவே நடக்கிற சங்கதி.

அடுப்பில் கை சுட்டால் அந்தச் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. முதலில் தண்டுவடத்துக்கு வருகிறது. கையிலிருந்து வரும் நரம்பின் முனை அங்கே சில ரசாயனப் பொருள்களைச் சுரக்கிறது. அதில் ஒன்றின் பெயர் 'சப்ஸ்டன்ஸ் பி'. 11 அமினோ அமிலங்களை மணி கோத்தாற்போல் கோத்த குட்டிப் புரதத் துண்டு அது. அடுத்த நரம்புச் செல்லின் மேல் இதற்கென்றே பூட்டுகள் இருக்கின்றன. இந்தச் சாவி அதில் பொருந்தினால் வலிச் செய்தி பலமாக மேலே ஏறும்.

இந்தப் பொருளை ஆய்லர், கேடம் என்ற இருவர் 1931-ல் கண்டுபிடித்தார்கள். அது எதனால் ஆனது என்று தெரிய 40 வருஷம் ஆயிற்று. அதைக் கண்டறிந்த குழுவை நடத்தியவர் ஒரு பெண்மணி, அமெரிக்காவின் சூசன் லீமன். அவர் தேடியதோ வேறொரு ஹார்மோனை! ஊசி போட்ட எலிகளுக்கு உமிழ்நீர் ஊறுவதைப் பார்த்து, ஏன் என்று விடாமல் ஆராய்ந்தார். கிடைத்தது இது.

வலியை அடக்கும் சாவியும் நம் உடம்பிலேயே இருக்கிறது. அதுதான் 'என்கெஃபலின்'. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் 1975-ல் கண்டது. இதற்குப் பூட்டு வேறே. அதில் பொருந்தினால் வலிச் செய்தி தணியும். புற்றுநோய் வலிக்கு டாக்டர்கள் தரும் மார்ஃபினும் இந்த வகைப் பூட்டில்தான் வேலை செய்கிறது.

அப்படியானால் சப்ஸ்டன்ஸ் பி-யின் பூட்டை அடைத்துவிட்டால் வலியே போய்விடாதோ? அடைக்கும் மருந்துகளும் செய்தார்கள். மிருகங்களுக்கு வலி குறைந்தது, மனிதருக்கு எதிர்பார்த்தபடி கேட்கவில்லை. வலிக்குப் பல வழி போலும்! ஆனாலும் வீண்போகவில்லை. கீமோதெரபியால் வரும் வாந்தியைத் தடுக்க 2003 முதல் அதே வகை மருந்து உதவுகிறது.

நாள்பட்ட வலியில் தண்டுவடச் செல்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. அதனால்தான் சேலை உரசினால்கூட நெருப்பாகிறது. இதற்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. நரம்பு வலிக்கென்றே வேறு மருந்துகள் உண்டு, டாக்டர்தான் பார்த்துத் தர வேண்டும். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் என் மாமியார் ராத்திரியில் கண்ணயர்ந்தார்.

அக்கிக் கொப்புளம் கண்டால் 3 நாளுக்குள் டாக்டரிடம் போங்கள், வைரஸை அடக்கும் மாத்திரை அப்போதுதான் நன்றாகப் பலன் தரும். 50 வயது தாண்டியவர்கள் தடுப்பூசி பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் யாராவது "வலிக்குது" என்றால், முதலில் நம்புங்கள்.