இழுத்து முடித்ததும் வில் லேசாவது ஏன்?

சாதாரண வில்லை இழுக்க இழுக்கக் கை கனக்கும். காம்பவுண்ட் வில்லில் கடைசியில் பாரம் சட்டென்று இறங்குகிறதே, எப்படி?

நுனிகளிலுள்ள சக்கரங்களைப் பாருங்கள். கிணற்று ராட்டினத்தின் அச்சை நடுவில் வைக்காமல் ஓரமாகப் பொருத்தியது போலிருக்கும். அது சுழலும்போது நாண் அச்சை விட்டு விலகுகிறது. வில்லின் கைகளை வளைக்கும் கம்பியோ அச்சை நெருங்குகிறது. நெம்புகோல் நீள நீள, நம் கைக்கு வேலை குறைகிறது. 1966-ல் அமெரிக்கர் ஹாலஸ் ஆலன் காப்புரிமை கேட்ட அருமையான யோசனை இது!

30 பவுண்டு வில்லில் 75 சதவீதம் குறைந்தால், குறிபார்க்கும்போது கையில் நிற்பது ஏழரை பவுண்டுதான். ஆனாலும் நடுவில் அந்த 30 பவுண்டைத் தாண்டியாக வேண்டுமே!

ஆகவே, புதிதாகப் பழகும் பெண்களே, இழுவை எடையையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லையே கேளுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல், நேராக நின்று இழுத்துப் பாருங்கள். முடியவில்லையா? எடையைக் குறைக்கச் சொல்லுங்கள். அம்பு பூட்டாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், வில் உடையும்.