கட்டிலின் கால்மாட்டில் அம்மா

நோயுற்றுக் கிடக்கும்போது நம்மைப் பார்க்க வந்தவர்களை நாம் எளிதில் மறப்பதில்லை. வராதவர்களையும்தான். அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் ஸ்ட்ரௌட் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மை நேம் இஸ் லூசி பார்டன்' என்ற சிறிய நாவல், அப்படிப்பட்ட ஒரு வருகையைப் பற்றியது.

கதை நிகழ்வது 1980-களில். நியூயார்க்கில் வாழும் லூசி, இரண்டு சிறு பெண்களுக்குத் தாய். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப்பின் காரணம் தெரியாத காய்ச்சலால் ஏறக்குறைய ஒன்பது வாரங்கள் மருத்துவமனையில் கிடக்கிறாள். ஒரு நாள் பார்த்தால், கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய அம்மா அமர்ந்திருக்கிறார். இருவரும் சந்தித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதுவரை விமானமே ஏறாத அந்தப் பெண்மணி, இல்லினாய் மாநிலத்தின் கிராமம் ஒன்றிலிருந்து மகளைத் தேடி வந்திருக்கிறார். ஐந்து நாள்கள் அந்த நாற்காலியை விட்டு நகராமல் இருக்கிறார்.

இதே அம்மாவின் வீட்டில்தான் லூசி அடியும் பசியும் குளிரும் அறிந்தாள். பதினொரு வயதுவரை அவர்கள் வாழ்ந்தது, உறவினர் ஒருவருடைய வீட்டையொட்டிய வண்டிக் கொட்டகையில். பெற்றோர் வேலைக்குச் செல்லும்போது குழந்தையை லாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவதுண்டு. ஒரு முறை உள்ளே ஒரு பாம்பும் இருந்தது. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆயினும் பள்ளி கதகதப்பாக இருந்தது. அதற்காகவே மாலையில் அங்கேயே தங்கிப் பாடம் படித்தாள். அந்தப் படிப்பே அவளைக் கல்லூரிக்குக் கொண்டுசென்றது.

வளர்ந்தபின் என்ன ஆகிறது? எழுத்தாளராகிறாள், குடும்பம் அமைகிறது. ஆனாலும் பட்டப்பகலில், நகரத்தின் நடைபாதையில், காரணமே இல்லாமல் பழைய பயம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் தொலைக்காட்சியும் பத்திரிகையும் இல்லாமல் வளர்ந்ததால், மற்றவர்களுக்கு இயல்பாகத் தெரிந்த எத்தனையோ அவளுக்குத் தெரியவில்லை. வறுமை போன பிறகும் போகாத வறுமை என்று இதை நாம் சொல்லலாம்.

தந்தையின் கொடுமைக்கும் ஒரு வேர் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் அவர் இரு இளைஞர்களைச் சுட்டுக்கொன்றவர். அந்த நினைவு அவரை விடவேயில்லை. மகள் மணந்துகொண்டதோ ஜெர்மானியப் போர்க்கைதி ஒருவரின் மகனை! இதை ஆசிரியர் சாக்காகச் சொல்லவில்லை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது. அறிந்துகொள்வது வேறு, நியாயப்படுத்துவது வேறு.

அந்த ஐந்து நாள்களில் தாயும் மகளும் பேசுவதெல்லாம் ஊர்க்கதை. யார் கணவனை விட்டுப்போனாள், யாருடைய மணவாழ்வு கெட்டது என்பவைதான். லாரியைப் பற்றி ஒரு நேர்ப் பேச்சும் இல்லை. தன்னை நேசிக்கிறாயா என்று லூசி குழந்தைபோலக் கேட்கும்போது, அம்மா செல்லப்பெயர் சொல்லிக் கடிந்து, சிரித்து, பதிலைத் தவிர்த்துவிடுகிறார். அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஆனால் போர்வைமேல் மகளின் பாதத்தை அவர் அழுத்திப் பிடித்ததும் நடந்ததுதான். எதை நம்புவாள் மகள்?

மறுபடியும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று தெரிந்ததும், லூசி எவ்வளவு கெஞ்சியும் கேளாமல் அம்மா கிளம்பிவிடுகிறார். பல ஆண்டுகளுக்குப்பின் சிகாகோவில் அவர் மரணப்படுக்கையில் இருக்கும்போது லூசி தேடிச் செல்கிறாள். இப்போது கட்டிலில் இருப்பவர் அம்மா. அவர், போய்விடு என்று மகளைக் கேட்டுக்கொள்கிறார். லூசி எழுந்து போகிறாள்.