காலி அறையின் கணக்கு

ஒரு மருத்துவமனையில் 32 அறுவை அறைகள். எல்லாவற்றிலும் ஓயாத வேலை. அப்படியிருந்தும் நோயாளிகள் காத்துக் கிடக்கிறார்கள். இந்த நிலையில் ஓர் அறையை யாருக்கும் ஒதுக்காமல் காலியாக வைத்தால் காத்திருப்பு குறையுமா, கூடுமா? "கூடத்தான் செய்யும், இதிலென்ன ஐயம்?" என்பீர்கள். ஆனால் நடந்தது வேறு.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் 2002-ஆம் ஆண்டளவில் இதைச் செய்து பார்த்தார்கள். ஓர் அறையை அவசர அறுவைக்கென்றே ஒதுக்கினார்கள். மொத்த அறுவைகளின் எண்ணிக்கை 5 விழுக்காடு கூடியது! பிற்பகல் 3 மணிக்கு மேல் நடந்த அறுவைகளோ 45 விழுக்காடு குறைந்தன.

இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

அறுவைகள் இரு வகைப்படும். குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்கு நாள் குறித்துச் செய்யலாம். குடல்வால் அழற்சியும் விபத்தும் நாள் குறித்து வருவதில்லை. ஆனால் அவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கதிரியக்கப் பொருளில் எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் சராசரியாக எத்தனை சிதையும் என்று சொல்லிவிடலாம். அவசர நோயாளிகளின் வரவும் ஏறத்தாழ இப்படித்தான். யார் வருவார் என்று தெரியாது. யாரேனும் வருவார் என்பது உறுதி.

எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும்போது ஓர் அவசர நோயாளி வந்தால், காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருந்த வேறொருவரின் அறுவை தள்ளிப்போகிறது. அவரால் அடுத்தவர். இப்படியே வேலை இரவு வரை நீள்கிறது. தனி அறை இருந்தால் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

வரிசைகளைப் பற்றிய கணிதத்துக்கு 1909-இல் அடிகோலியவர் எர்லாங். அவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்தக் கணிதத்தின் எளிய முடிவு ஒன்றைப் பார்ப்போம். ஓர் அறை, ஓர் அறுவைக்குச் சராசரி ஒரு மணி நேரம், வரவும் வேலை நேரமும் ஒழுங்கின்றி அமைகின்றன. அறை 50 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 1 மணி. 80 விழுக்காடானால் 4 மணி. 90 விழுக்காடானால் 9 மணி! வேலையிலிருக்கும் பங்கை ஓய்ந்திருக்கும் பங்கால் வகுத்தால் இந்த எண்கள் கிடைக்கும்.

அறை மட்டும் போதுமா? போதாது, கைகளும் வேண்டும். பழைய முறையில், அவசர அழைப்புக்குரிய மருத்துவரே அன்று நாள் குறித்த அறுவைகளையும் செய்வார். அவற்றை முடித்த பிறகே அவசர நோயாளியிடம் வர முடியும். அதற்குள் இரவாகிவிடும். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை 2005-இல் அவசர அறுவைக்கெனத் தனிக் குழுவை அமைத்தது. இத்தகைய குழுவிலிருக்கும் மருத்துவருக்கு அந்த நாள்களில் வேறு அறுவை கிடையாது. அனுபவமுள்ளவர் நோயாளியை விரைவில் பார்த்து முடிவெடுக்கிறார். காத்திருக்கக் கூடியவற்றை இரவில் செய்யாமல் மறுநாள் பகலில் செய்கிறார்கள். உயிருக்கு ஆபத்தானவை மட்டுமே நள்ளிரவில் நடக்கின்றன.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அழற்சியுற்ற குடல்வால் வெடித்தால் சீழ் வயிற்றறையில் பரவும். சில நாள்களில் வீடு திரும்ப வேண்டியவர் வாரக்கணக்கில் படுக்க நேரிடும். உயிருக்கே ஆபத்தும் வரலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அவசர நோயாளிகள் குறைவாக வரும் சிறு மருத்துவமனைக்குத் தனிக் குழுவின் செலவு கட்டுப்படியாகாது. ஒரு குழு போய் மறு குழு வரும்போது, நோயாளியைப் பற்றிய செய்தி விடுபட்டுப்போகும் இடரும் உண்டு. அதனால் பொறுப்பை ஒப்படைக்கும் முறை செம்மையாக இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அறையை 95 விழுக்காடு நேரம் வேலையில் வைத்தால் சராசரிக் காத்திருப்பு எத்தனை மணி? போட்டுப் பாருங்கள். பிறகு, வயிற்று வலியோடு அந்த வரிசையில் இருப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டு, ஓர் அறை காலியாக இருப்பது வீணா என்று நீங்களே சொல்லுங்கள்.