மழைநீர்க் குட்டையில் மீன் வளர்ப்பு

மீன் என்றால் கடற்கரைக்காரர் தொழில் என்ற எண்ணம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் இன்னும் உண்டு. கண்மாய் வற்றும்போது மீன் பிடிப்பதோடு சரி. ஆனால் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, பயிர் கைவிடும் ஆண்டிலும் கொஞ்சம் பணம் கொடுக்கக்கூடியது மீன்.

மலையடிவாரமானாலும் இது மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அப்பால் கேரளத்திலேயே பெய்து விடுகிறது. கண்மாயும் கிணறும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இருக்கின்றன. அம்மழையும் இப்போது நிலையாக இல்லை. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரிலோ தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்யும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு.

கரை நீங்கலாக 23 சென்ட் நிலத்தில் 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழத்தில் குட்டை வெட்டலாம். ஓரங்களைச் சரிவாக விட்டால் சுமார் 12 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். கரிசல் மண் நீரைத் தாங்கும். செம்மண்ணில் கசிவு அதிகம். எனினும் கசியும் நீர் பக்கத்துக் கிணற்றுக்குப் போவதால் அதை முழு நஷ்டமாகக் கருத வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தாள் விரிப்பவர்கள் அதன்மேல் அரை அடி மண் பரப்ப வேண்டும். மண் இல்லாத குட்டையில் மீனுக்கு இயற்கைத் தீனி உண்டாகாது.

இப்பகுதியில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கெண்டை இனங்கள் ஆனி முதல் ஆவணி வரை குஞ்சு பொரிக்கின்றன; குட்டை நிறைவதோ கார்த்திகையில். கோடையில் வெயிலும் காற்றும் நாளுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் நீரைக் குடித்துவிடும். நான்கு மாதத்தில் இரண்டரை அடி போய்விடும். கார்த்திகையில் பொடிக் குஞ்சு விட்டால் அது வளர்வதற்குள் நீர் வற்றிவிடும். பலர் மீன் வளர்ப்பே வேண்டாம் என்று கைவிடுவது இதனால்தான்.

ஆவணியிலேயே கிணற்றடியில் ஒன்றரை சென்டில் சிறு குழி எடுத்து, 3 அடி நீர் நிறுத்தி, 500 குஞ்சுகளை அதில் வளர்த்துக்கொள்ள வேண்டும். நாரையும் மீன்கொத்தியும் விட்டுவைக்கா. மேலே நைலான் வலை அவசியம். மழை வந்து பெரிய குட்டை நிறைந்ததும் 4 அங்குலக் குஞ்சுகளாக மாற்றி விடலாம். மழை தவறினால் நஷ்டம் குஞ்சின் விலையும் தீவனச் செலவும் மட்டுமே. கிணற்றில் அவ்வளவு நீர் இல்லாதவர்கள் கார்த்திகையில் பெரிய குஞ்சாகவே வாங்குவது நலம். வைகை அணை, மணிமுத்தாறு ஆகிய இடங்களில் மீன்வளத்துறையின் குஞ்சுப் பண்ணைகள் உள்ளன.

இந்த அளவு குட்டைக்கு 400 குஞ்சுகள் போதும். பத்துக்கு கட்லா நான்கு, ரோகு மூன்று, மிருகால் மூன்று என்ற விகிதம் ஏற்றது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிருகால் அடியிலும் மேயும். ஆப்பிரிக்கக் கெளுத்தி விலை மலிவென்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதை வளர்ப்பதற்கு அரசு தடை விதித்துள்ளது. மற்ற மீன்களையும் அது தின்றுவிடும்.

நீர் நிறையுமுன் 20 கிலோ சுண்ணாம்பும் மக்கிய சாணமும் இட வேண்டும். குட்டையின் மேல் கம்பிவலைத் தளமிட்டு 40 கோழிகள் வளர்த்தால் எச்சமே உரமாகும். அதற்கு மேல் கோழி வேண்டாம். எச்சம் மிகுந்தால் நீரில் பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அப்படிக் கண்டால் தீவனத்தையும் உரத்தையும் உடனே நிறுத்திக் கிணற்று நீர் பாய்ச்ச வேண்டும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு கலந்து, 100 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ வரை கொடுக்கலாம்.

மாசி, பங்குனியில் மிளகாய்க்கும் தென்னங்கன்றுக்கும் குட்டை நீரை இறைக்கலாம். எச்சம் கரைந்த நீராதலால் பயிருக்கு உரமும் சேரும். ஆனால் 3 அடிக்குக் கீழே இறைக்கக் கூடாது. நீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் பெரிய மீன்களை முதலில் பிடித்து, சித்திரைக்குள் முழுவதையும் விற்றுவிட்டால் மிச்ச நீர் முழுவதும் பயிருக்கே. 300 மீன்கள் தப்பி, ஒவ்வொன்றும் 400 கிராம் நின்றால் 120 கிலோ. அத்தனையையும் ஒரே நாளில் வியாபாரியிடம் தள்ளாமல், ஞாயிறுதோறும் ஊரிலேயே உயிர் மீனாக விற்பது நல்லது. வெடித்துக் காய்ந்த குட்டையில் விராலும் கெளுத்தியும் அடுத்த ஆண்டுக்கு மிஞ்சாது. அடிவண்டலைச் சுரண்டி வயலுக்கு அடிக்கலாம்.